அரக்கு கேட்டா மெரூன் வந்துச்சாம்: போட்டோல கலர் எங்க தப்பா போகுது

எங்க அண்ணி புதுச்சேரி முத்தியால்பேட்டைல வீட்டுல இருந்தே சேலை விக்கறாங்க, வாட்ஸ்அப் குரூப்ல போட்டோ போட்டா போதும், அரை மணி நேரத்துல "அக்கா அந்த மூணாவது எனக்கு எடுத்து வைங்க"ன்னு மெசேஜ் வந்து குவியும், போட்டோ எடுக்கறது மட்டும் என் வேலை, ஏன்னா வீட்டுல கேமரா வெச்சிருக்கறவன் நான் ஒருத்தன் தான். போன வருஷம் நெய்வேலிலேருந்து ஒரு அம்மா போன் பண்ணாங்க. நான் கேட்டது அரக்கு, வந்திருக்கறது மெரூன், பொண்ணு நிச்சயத்துக்கு ப்ளவுஸ் எல்லாம் தைச்சு வெச்சிட்டேன், இப்ப என்னங்க பண்றதுன்னு. அண்ணி ஒண்ணும் பேசாம சேலைய திருப்பி எடுத்துக்கிட்டாங்க, ரெண்டு பக்கத்து கூரியர் காசும் நம்ம தலைல. அடுத்த வாரமே ஒரு மாம்பழ மஞ்சள் திரும்பி வந்துச்சு, அது போட்டோல எலுமிச்சையாட்டம் இருந்துச்சாம்.

"தம்பி, கேமரா பழசாயிடுச்சோ?"ன்னு அண்ணி கேட்டாங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன், புது கேமரா விலை எல்லாம் பாத்து வெச்சேன். கொஞ்ச நாள் உக்காந்து படிச்சு, சேலைய தொங்கவிட்டு தொங்கவிட்டு எடுத்து பாத்தப்பறம் தான் புரிஞ்சுது, கேமரா மேல தப்பு ரொம்ப கம்மி, நான் அத வெச்சு எடுத்த எடம் தான் தப்பு. ஹால்ல, எல்ஈடி பல்ப போட்டுட்டு, பக்கத்து ஜன்னலையும் தொறந்து வெச்சுட்டு எடுத்திருக்கேன். இத விட மோசமா எடுக்கவே முடியாது. என்ன மாதிரி ஆளுங்களுக்காக, அதாவது வீட்டு வியாபாரத்துக்கு போட்டோ எடுக்கறவங்களுக்காக, நான் புரிஞ்சுக்கிட்டத இங்க எழுதறேன். சேலைய வெச்சு சொல்றேன், ஆனா வில்லியனூர் மண்பொம்மைக்கும் பண்ருட்டி பலாச்சுளைக்கும் இதே கணக்கு தான்.

நேரு வீதில எந்த ஜவுளிக்கடைக்கு வேணா போங்க, வயசான அம்மா யாராச்சும் சேலை எடுக்க வந்திருந்தா கவனிச்சு பாருங்க. பத்து சேலைய பிரிச்சு போட சொல்லி, அதுல ரெண்ட கைல எடுத்துக்கிட்டு நேரா கடை வாசலுக்கு வந்துடுவாங்க, தெருவோரமா நின்னு வெயில்ல ஒரு தடவ நிழல்ல ஒரு தடவ பிடிச்சு பாப்பாங்க. கடைக்காரரும் தடுக்க மாட்டார். கலர்ங்கறது துணியில மட்டும் இல்ல, அது மேல விழற வெளிச்சத்துலயும் பாதி இருக்குன்னு அந்த அம்மாவுக்கு யாரும் பாடம் எடுக்கல, நாலு தடவ ஏமாந்து கத்துக்கிட்டது. சிவப்பு துணி தன் மேல விழற வெளிச்சத்துல இருக்கற சிவப்ப மட்டும் திருப்பி அனுப்புது, மத்தத முழுங்கிடுது. விழற வெளிச்சத்துல சிவப்பே கம்மின்னா அது எங்கேருந்து குடுக்கும்?

வெளிச்சத்துக்கும் கலர் உண்டு, அத கெல்வின்னு ஒரு கணக்குல சொல்றாங்க. கொல்லன் பட்டறைல இரும்ப காய்ச்சும்போது பாத்திருப்பீங்க, மொதல்ல மங்கலா சிவப்பு, அப்பறம் ஆரஞ்சு, அப்பறம் மஞ்சள், இன்னும் சூடேறினா வெள்ளையா போகும். அதே கணக்கு தான், எவ்ளோ சூட்டுல ஒரு பொருள் அந்த கலர்ல ஒளி விடுமோ அந்த சூடு தான் நம்பர். விளக்கு திரி 1900 பக்கம், பழைய குண்டு பல்பு 2700லேருந்து 2800, நடுப்பகல் வெயில் 5500 சுமார், மேகமூட்டம் 6500, நீல வானத்துக்கு கீழ வெறும் நிழல்ல நின்னா 7500க்கு மேலயும் போகும். நம்ம வீடுங்கள்ல மாட்டற "கூல் டே லைட்" பல்பு அட்டைப்பெட்டிய எடுத்து பாருங்க, 6500ன்னு போட்டிருக்கும். நம்பர் ஏற ஏற நீலம் கூடுது, ஆனா பேச்சுல நம்ம மஞ்சள் வெளிச்சத்த தான் வார்ம்னு சொல்றோம், இந்த தலைகீழ் எனக்கு பழக ஒரு மாசம் ஆச்சு.

இவ்ளோ வித்தியாசம் இருந்தும் நமக்கு ஏன் தெரிய மாட்டேங்குது? ராத்திரி குண்டு பல்புல பாத்தாலும் அப்பா கட்டியிருக்கற வேட்டி வெள்ளையா தான் தெரியுது, காலைல திண்ணைல பாத்தாலும் வெள்ளை தான். உண்மைல ராத்திரி அந்த வேட்டிலேருந்து கண்ணுக்கு வர்ற வெளிச்சம் நல்ல மஞ்சள். மூளை அத கழிச்சுட்டு காட்டுது, நம்மள கேக்காமலே. 2015 பிப்ரவரில ஒரு கவுன் போட்டோவ வெச்சு உலகமே சண்ட போட்டுச்சே, பாதி பேருக்கு நீலம் கருப்பு, மீதி பேருக்கு வெள்ளை தங்கம், எங்க வீட்டுலயே அண்ணன் ஒரு கட்சி அண்ணி ஒரு கட்சி. அந்த போட்டோல வெளிச்சம் எந்த மாதிரின்னு தெளிவா இல்ல, அதனால ஒவ்வொருத்தர் மூளையும் ஒவ்வொரு வெளிச்சத்த ஊகிச்சு கழிச்சுக்கிச்சு. நெஜ கவுன் நீலம் கருப்பு தான், அண்ணி சொன்னது சரி.

கேமராவுக்கு இந்த கழிக்கற மூளை கெடையாது. அதுக்குள்ள இருக்கற சென்சாருக்கு சொந்தமா கலரே தெரியாது, எவ்ளோ வெளிச்சம் விழுந்துச்சுன்னு மட்டும் தான் எண்ணும், கிட்டத்தட்ட கருப்பு வெள்ளை தான். அது மேல பொடிப்பொடியா கலர் கண்ணாடி மாதிரி ஃபில்டர் ஒட்டியிருக்காங்க, நாலு கட்டத்துல ரெண்டு பச்சை, ஒண்ணு சிவப்பு, ஒண்ணு நீலம். கோடாக் கம்பெனில வேல பாத்த பிரைஸ் பேயர்ங்கறவருக்கு 1976-ல இதுக்கு பேட்டன்ட் கெடச்சுது, இன்னிக்கும் நம்ம கைல இருக்கற பெரும்பாலான கேமரா, போன் எல்லாத்துலயும் இந்த அமைப்போ இதோட தம்பியோ தான். பச்சை ஏன் ரெண்டுன்னா நம்ம கண்ணு பச்சைல தான் வெளிச்ச வித்தியாசத்த நல்லா பிடிக்கும். ஆக கேமரா கைல இருக்கறது மூணு நம்பர், சிவப்பு எவ்ளோ பச்சை எவ்ளோ நீலம் எவ்ளோ. மஞ்சள் பல்புல எடுத்தா நீல நம்பர் சின்னதா வரும், அத ஒரு அளவுக்கு பெருக்கி சரிக்கட்டினா தான் வெள்ளை வெள்ளையா தெரியும். இந்த பெருக்கற வேல தான் ஒயிட் பேலன்ஸ், வேற ஒரு மந்திரமும் இல்ல.

எத எவ்ளோ பெருக்கணும்னு யார் சொல்றது? ஆட்டோல விட்டா கேமராவே ஊகிக்கும். அதோட பழைய ஊகம் ரொம்ப எளிமை, உலகத்துல எல்லா கலரையும் கலந்து சராசரி எடுத்தா சாம்பல் வரும்னு நம்பிக்கிட்டு, படத்தோட சராசரிய சாம்பலுக்கு இழுக்கும். இப்ப வர்ற கேமராவெல்லாம் இத விட புத்திசாலி தான், ஆனா படம் பூரா ஒரே கலர்னா அதுவும் தடுமாறும். நம்ம என்ன பண்றோம், மாம்பழ மஞ்சள் சேலைய ஃப்ரேம் பூரா ரொப்பி எடுக்கறோம். கேமரா பாக்குது, ஐயோ ஒரே மஞ்சளா இருக்கே, பல்பு மஞ்சளா இருக்கும்போலன்னு நெனச்சு நீலத்த ஏத்துது. மாம்பழம் எலுமிச்சை ஆனது இப்படி தான். நம்பலன்னா நீங்களே செஞ்சு பாருங்க, ஒரே எடத்துல ஒரே சேலைய மொதல்ல க்ளோசப்பா எடுங்க, அப்பறம் பத்தடி பின்னாடி போய் சுவர் தரை எல்லாம் சேத்து எடுங்க, ரெண்டு மஞ்சளும் ஒண்ணா இருக்காது.

அதனால ஊகிக்க விடாம நம்மளே சொல்லிடணும். கேமரால வெயில், மேகம், நிழல், பல்புன்னு குட்டி குட்டி படம் போட்டு இருக்கறது அதுக்கு தான், ஆட்டோவ விட அது தேவலாம், அட்லீஸ்ட் படத்துக்கு படம் மாறாது. கெல்வின் நம்பர நேரா போடற வசதியும் நெறைய கேமரால உண்டு, ப்ரோ மோடு இருக்கற போன்லயும் ஒரு ஸ்லைடர் வரும். இங்க ஒரு குழப்பம் எல்லாருக்கும் வரும், நம்பர ஏத்தினா படம் நீலமாகும்னு எதிர்பாத்தா மஞ்சளாகுது. நம்ம கேமராகிட்ட "இப்ப இங்க இருக்கற வெளிச்சம் நீலமா இருக்கு"ன்னு சொல்றோம், அது அந்த நீலத்த கழிக்க மஞ்சள சேக்குது, அவ்ளோ தான்.

ஆனா சரியான வழி க்ரே கார்டு. சாம்பல் கலர்ல ஒரு அட்டை, அதுல சிவப்பு பச்சை நீலம் மூணும் ஒரே அளவுல திரும்பி வரும், அது தான் அதோட ஒரே தகுதி. 18 சதவீதம் வெளிச்சத்த திருப்பி அனுப்பற சாம்பல்னு அட்டைல போட்டிருக்கும், அந்த 18 எக்ஸ்போஷர், அதாவது படம் எவ்ளோ வெளிச்சமா விழணும்னு பாக்கறதுக்காக, நம்ம கலர் வேலைக்கு அது 18ஆ 30ஆன்னு கவலையே இல்ல, மூணும் சமமா இருந்தா சரி. சில நூறு ரூபாய்க்கு கெடைக்குது. சேலை தொங்கற அதே எடத்துல, சேலை பாக்கற அதே பக்கமா பாத்து அட்டைய பிடிச்சு ஒரு படம். கேனான்ல அந்த படத்த மெனுல கஸ்டம் ஒயிட் பேலன்ஸ்ல காட்டி, அப்பறம் கஸ்டம் மோடுக்கு மாத்தணும், நைக்கான்ல ப்ரீசெட் மேனுவல் போட்டு பட்டன அழுத்திப் பிடிச்சா மின்னும், அப்ப அட்டைய படம் எடுத்தா சேவ் ஆயிடும். நிறைய பேர் அட்டைய கேமரா பக்கத்துல பிடிச்சு எடுக்கறாங்க, அங்க விழற வெளிச்சம் வேற, சேலை மேல விழறது வேற, அதுக்கு எடுக்காமலே இருக்கலாம்.

அட்டைக்கு பதிலா வெள்ளை வேட்டி போதாதான்னு கேப்பீங்க, நானும் மொதல்ல அப்பா வேட்டிய தான் தொங்கவிட்டேன். போதாது. நம்ம வீட்டு வேட்டிக்கு சொட்டு நீலம் போட்டு தான் அலசறோம், அந்த "வெள்ளை"ல ஏற்கனவே நீலம் கலந்திருக்கு. போதாக்குறைக்கு சோப்பு பவுடர்ல பளபளப்புக்காக ஒரு ரசாயனம் சேக்கறாங்க, அது வெயில்ல இருக்கற கண்ணுக்கு தெரியாத புற ஊதாவ வாங்கி நீலமா வெளில விடும், வெளுப்பா தெரியறதுக்கு. ஏ4 பேப்பர்லயும் அதே சமாச்சாரம் இருக்கு. அத வெள்ளைன்னு காட்டினா கேமரா நீலம் ஜாஸ்தியா இருக்குன்னு நெனச்சு படத்த மஞ்சளாக்கிடும். அட்டை கெடைக்கற வரைக்கும் ஒரு குறுக்குவழி சொல்றேன், ஹார்டுவேர் கடைல பைப்புக்கு சுத்தற வெள்ளை டெஃப்லான் டேப் வாங்கி, ஒரு அட்டைத்துண்டு மேல பின்னாடி தெரியாத அளவுக்கு பல அடுக்கு சுத்துங்க. ஆய்வுக்கூடத்துல கலர் அளக்கற கருவிங்களுக்கே வெள்ளை அளவுகோலா அந்த வகை பொருள தான் வெக்கறாங்க. ஒண்ணு மட்டும், அது வெள்ளைங்கறதால எக்ஸ்போஷர கொஞ்சம் கொறச்சு எடுக்கணும், வெளுத்துப்போச்சுன்னா மூணு நம்பரும் உச்சில முட்டிக்கிட்டு நிக்கும், கேமராவுக்கு ஒண்ணும் தெரியாது.

சரி, க்ரே கார்டு வாங்கியாச்சு, கலர் சரியாயிடுச்சான்னா, மஞ்சள் சரியாச்சு, அரக்கு ஆகல. இதுல தான் எனக்கு ரொம்ப நாள் மண்டை காஞ்சுது. சாம்பல் அட்டை சாம்பலா தெரியுது, தரை சரியா தெரியுது, சேலை மட்டும் செத்த மாதிரி பழுப்படிச்சு கெடக்கு. கொறை பல்புல. வெயில்ல சிவப்பு முதல் ஊதா வரைக்கும் இடைவெளி இல்லாம எல்லாம் இருக்கு. எல்ஈடி அப்படி இல்ல, உள்ள நீல எல்ஈடி, அது மேல மஞ்சளா ஒரு பூச்சு, ரெண்டும் சேந்து வெள்ளை மாதிரி ஒண்ணு தருது. கண்ணுக்கு வெள்ளை தான், ஆனா அடர் சிவப்பு இருக்க வேண்டிய எடத்துல சரக்கே கம்மி. இல்லாத சிவப்ப ஒயிட் பேலன்ஸ்ல எவ்ளோ பெருக்கினாலும் வராது, ரசத்துல புளியே போடாம உப்ப கூட்டின கதை.

ஒரு பல்பு கலர எவ்ளோ உண்மையா காட்டுதுன்னு அளக்க சிஆர்ஐன்னு ஒண்ணு இருக்கு, 100 தான் உச்சம். சாதாரண வீட்டு பல்பு 80 பக்கம் இருக்கும், போட்டோவுக்கு 90க்கு மேல வேணும், 95 கெடச்சா வாங்கிடுங்க. இதுலயும் ஒரு ஏமாத்து உண்டு, அந்த நம்பர் எட்டு வெளிறின கலருங்களோட சராசரி மட்டும் தான், அடர் சிவப்பு அந்த எட்டுல இல்ல. அதுக்கு ஆர் 9ன்னு தனி நம்பர். அரக்கு, குங்குமக் கலர், மெரூன் விக்கறவங்க பல்பு வாங்கும்போது ஆர் 9 என்னன்னு கேளுங்க, அட்டைப்பெட்டில பெரும்பாலும் போட்டிருக்க மாட்டாங்க, போட்டிருக்கறவங்க கிட்ட வாங்குங்க.

சேலையும் ப்ளவுஸ் துணியும் கடைல ஒரே கலரா இருந்துச்சு, வெளில வந்தா வேற வேறயா இருக்குன்னு சொல்வாங்களே, அதுக்கும் இதே காரணம், ரெண்டு சாயமும் வேற, ஒரு வெளிச்சத்துல மட்டும் ஒண்ணா தெரியும். மெட்டாமெரிசம்னு பேர் வெச்சிருக்காங்க. எந்த கேமராவாலயும் இத சரி பண்ண முடியாது.

அதனால என் முடிவு, பல்ப அணைங்க. எல்லாத்தையும். ஹால்ல ஜன்னல் வெளிச்சமும் ட்யூப் லைட்டும் சேந்து விழுந்தா சேலையோட இடது பக்கம் ஒரு கலர், வலது பக்கம் ஒரு கலர், எந்த பக்கத்துக்கு ஒயிட் பேலன்ஸ் வெப்பீங்க? பல்பு தான் வேணும்னா ஜன்னல மூடிட்டு பல்பு மட்டும், அதுவும் ஒரே வகை பல்பு. நம்ம ஊர் கரன்ட் 50 ஹெர்ட்ஸ், ட்யூப் லைட்டும் மட்டமான எல்ஈடியும் நொடிக்கு 100 தடவ மின்னி மங்கும், ஷட்டர் ஸ்பீட ரொம்ப ஏத்தினா, அதாவது கேமரா கண்ண தொறக்கற நேரத்த கொறச்சா, படத்துக்கு படம் கலர் மாறும், பட்டை பட்டையா கூட விழும், நொடில 100-ல ஒரு பங்கு இல்லன்னா 50-ல ஒரு பங்குல வெச்சுட்டா தப்பிச்சீங்க.

வெளிச்சம்னு வந்தா புதுச்சேரிக்காரங்களுக்கு ஒரு ஆசை உண்டு, ஒயிட் டவுன் போய் அந்த மஞ்சள் சுவர் முன்னாடி எடுக்கறது. அழகா வரும், ஒத்துக்கறேன், கல்யாணப் படத்துக்கு பிரமாதம். சேலை விக்கறதுக்கு வேணாம். வெயில் அந்த சுவர்ல பட்டு தெறிச்சு துணி மேல மஞ்சளா விழும், வெள்ளை சேலை வெண்ணெய் கலராகும், நீலம் லேசா பச்சையடிக்கும். அங்க காகிதப்பூ வேற சுவர் மேல தொங்கும், அதுலேருந்து ரோஸ். எங்க வீட்டு பின்கட்டுல வாழைமரத்துக்கு பக்கத்துல எடுத்த ஒரு க்ரீம் கலர் சேலை, நோயாளி மாதிரி பச்சையா வந்துச்சு, நான் ரெண்டு நாள் லென்ஸ சந்தேகப்பட்டேன். செவப்பு ஆக்சைடு தரை, கலர் பெயின்ட் அடிச்ச சுவர், ஏன் நீங்க போட்டிருக்கற சட்டை கூட, எல்லாமே ஒரு பல்பு மாதிரி தான். நான் இப்ப எடுக்கும்போது சாம்பல் டி சர்ட் தான் போடறது, அண்ணி "உனக்கு வேற சட்டையே இல்லையா தம்பி"ன்னு கேட்டுட்டாங்க.

நாங்க இப்ப எடுக்கற எடம் வீட்டுக்கு வடக்கு பக்கமா இருக்கற ரூம் ஜன்னல், ஜன்னல்ல மெல்லிசா வெள்ளை துணி, நேர் வெயில் வராது. நேரம் காலை ஒம்பதரைலேருந்து மூணு மணி வரைக்கும். கடற்கரைல சூரியன் வரும்போது எடுத்தா பாக்க என்னமோ தங்கமா இருக்கும், அந்த தங்கம் தான் பிரச்சனையே, வந்து வாங்கறவங்க வீட்டுல அந்த தங்கம் இருக்காது. ஐப்பசி கார்த்திகைல மேகம் போட்டிருக்கும்போது வெளிச்சம் பட்டு மாதிரி மெத்துன்னு விழும், நெழலே இருக்காது, துணிக்கு அத விட நல்ல வெளிச்சம் இல்ல, ஆனா மேகம் ஓட ஓட அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா கலர் மாறும், அதனால ஒவ்வொரு சேலைக்கும் ஒருக்கா அட்டைய படம் எடுத்துடுங்க. சோம்பேறித்தனம் பட்டா ராத்திரி உக்காந்து கம்ப்யூட்டர்ல அழணும்.

எக்ஸ்போஷர் பத்தி சுருக்கமா. கேமரா வழக்கமா சேவ் பண்ற ஜேபெக் படத்துல ஒவ்வொரு கலருக்கும் 0 முதல் 255 வரைக்கும் 256 படி. சிவப்பு சேலைய வெளிச்சமா எடுக்கறேன்னு ஏத்திட்டா சிவப்பு நம்பர் 255-ல முட்டிக்கும், பச்சையும் நீலமும் மட்டும் ஏறிக்கிட்டே இருக்கும், அப்ப கலரே ஆரஞ்சு பக்கம் இல்லன்னா ரோஸ் பக்கம் சாயும், மடிப்பு நெசவு ஒண்ணும் தெரியாம ப்ளாஸ்டிக் மாதிரி ஆயிடும். கேமரால சாதாரண ஹிஸ்டோகிராம், அதாவது படத்துல இருட்டு எவ்ளோ வெளிச்சம் எவ்ளோன்னு காட்டற வரைபடம், பாத்தா இது தெரியாம போகலாம், மூணு கலருக்கும் தனித்தனியா காட்டற ஹிஸ்டோகிராம் இருக்கும், அத போட்டு பாருங்க. கொறச்சு எடுத்தாலும் தப்பு தான், அரக்கு இருட்டுனா காபித்தூள்.

ரா ஃபைல்ல எடுங்கன்னு எல்லாரும் சொல்வாங்க, நானும் சொல்றேன். ராங்கறது அந்த மூணு நம்பரையும் பெருக்காம கூட்டாம அப்படியே சேத்து வெக்கறது, 256க்கு பதிலா 14 பிட்டுன்னா 16384 படி. ஒயிட் பேலன்ஸ பின்னாடி வீட்டுல வந்து மாத்தலாம், அட்டை இருக்கற படத்துல ஒரு க்ளிக், அத மீதி நாப்பது படத்துக்கும் ஒட்டிடலாம். ஜேபெக்ல கேமரா ஏற்கனவே சமைச்சு குடுத்துடும், அதுவும் விவிட், லேண்ட்ஸ்கேப்னு ஸ்டைல் போட்டிருந்தா மசாலா தூக்கலா. ஜேபெக் தான் எடுப்பேன்னா ந்யூட்ரல் ஸ்டைல்ல வெச்சுக்கோங்க, டல்லா இருக்கேன்னு பயப்படாதீங்க.

இவ்ளோ பண்ணியும் ஒரு மிச்சம் இருக்கும். கேமராவோட அந்த குட்டி ஃபில்டருங்க நம்ம கண்ணு மாதிரியே கலர பிரிக்காது, கிட்டத்தட்ட தான். கேனான் ஒரு மாதிரி, நைக்கான் ஒரு மாதிரி, ஒரே சேலைக்கு மூணு கேமரா மூணு நம்பர் தரும். சங்குப்பூ கலர், கத்திரிப்பூ கலர் மாதிரி ஊதா எல்லாம் நீலமா போயிடறது இதனால தான். இதுக்கு கலர் செக்கர்னு 24 கட்டம் போட்ட அட்டை ஒண்ணு இருக்கு, 1976-ல வந்தது, ஆறு கட்டம் வெள்ளைலேருந்து கருப்பு வரைக்கும், மீதில மாநிறத் தோல், வெளிர் தோல், வானம், இலைன்னு நெஜ உலகத்து கலருங்க. ஒவ்வொரு கட்டமும் உண்மைல என்ன கலர்னு அளந்து வெச்சிருக்காங்க. அத எடுத்து சாஃப்ட்வேர்ல குடுத்தா, உன் கேமரா இந்த சிவப்ப இப்படி பாக்குது, அத இவ்ளோ திருத்தணும்னு ஒரு ப்ரொஃபைல் ஃபைல் பண்ணி குடுக்கும். விலை ஆயிரக்கணக்குல. தொழிலா பண்றவங்க வாங்கலாம், நான் ஒரு கல்யாண போட்டோகிராஃபர் நண்பர் கிட்ட ஒரு மத்தியானம் கடன் வாங்கி ப்ரொஃபைல் பண்ணிட்டு பிரியாணி வாங்கி குடுத்துட்டேன். ஜன்னல் வெளிச்சத்துல பண்ண ப்ரொஃபைல் ஜன்னல் வெளிச்சத்துக்கு, பல்புக்கு வேற பண்ணணும்.

கேமரா நம்ம கண்ண மாதிரி பாக்காதுங்கறதுக்கு எனக்கு ரொம்ப பிடிச்ச கதை ஒண்ணு இருக்கு. 1861-ல ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல்ங்கற விஞ்ஞானி லண்டன்ல ஒரு கலர் போட்டோ காட்டினார், மூணு ஃபில்டர் வழியா எடுத்த மூணு படத்த ஒண்ணு மேல ஒண்ணா திரைல போட்டு. அதுல என்ன இருந்துச்சுன்னு நெனக்கறீங்க, துணி! கட்டம் போட்ட ஒரு ஸ்காட்லாந்து ரிப்பன். வேடிக்கை என்னன்னா அந்த காலத்து போட்டோ தகட்டுக்கு சிவப்பே தெரியாது, அப்பறம் எப்படி சிவப்பு வந்துச்சுன்னு நூறு வருஷம் கழிச்சு, 1961-ல தான் கண்டுபிடிச்சாங்க, ரிப்பன்ல இருந்த சிவப்பு சாயம் புற ஊதாவையும் தெறிக்க விட்டிருக்கு, சிவப்பு ஃபில்டரும் அத உள்ள விட்டிருக்கு, தகடு அத தான் பதிஞ்சிருக்கு. சாயத்துக்கும் கேமராவுக்கும் நடுவுல ரகசிய பேரம் ஓடறது அன்னிலேருந்தே இருக்கு.

மயில் கழுத்து கலர் பட்டு எடுக்கறவங்களுக்கு என் அனுதாபம். பாவு (நீள நூல்) ஒரு கலர் ஊடை (குறுக்கு நூல்) ஒரு கலர், ஒரு பக்கம் பாத்தா நீலம் திரும்பினா பச்சை, அதுக்கு சரியான கலர்னு ஒண்ணு கெடையவே கெடையாது, ரெண்டு கோணத்துல ரெண்டு படம் போட்டுடுங்க. இல்ல கைல பிடிச்சு ஆட்டி ஒரு வீடியோ.

கடைசில ஸ்க்ரீன். இவ்ளோ கஷ்டப்பட்டு எடுத்துட்டு, பிரைட்னஸ் முழுசா ஏத்தி வெச்ச லேப்டாப்ல பாத்து கலர் திருத்தினா எல்லாம் போச்சு. மானிட்டர அளக்கற குட்டி கருவி இருக்கு, அது இல்லன்னா அட்லீஸ்ட் 6500 கெல்வின்ல வெச்சு, வெளிச்சத்த கொறச்சு, பக்கத்துல வெள்ளை பேப்பர் பிடிச்சா ரெண்டும் ஓரளவு ஒண்ணா தெரியற மாதிரி பண்ணுங்க. போன்ல விவிட் மோடு அணைங்க, ராத்திரி கண்ணு வலிக்காம இருக்க மஞ்சளாக்கற வசதிய அணைங்க, எங்க அண்ணன் அத போட்டுட்டு "எல்லா சேலையும் மஞ்சளா இருக்குடா"ன்னு ஒரு நாள் பூரா என்ன கடிஞ்சுக்கிட்டார். படத்த சேவ் பண்ணும்போது எஸ்ஆர்ஜிபில பண்ணுங்க, 1996-ல ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் போட்ட கலர் கணக்கு, இன்னிக்கும் இன்டர்நெட்ல பொதுவான மொழி அது தான். அடோபி ஆர்ஜிபி பெருசு, அதுல நெறைய கலர் அடங்கும்னு கேமரால அத போட்டுடாதீங்க, அத புரிஞ்சுக்காத ஆப்ல படம் வெளுத்து தெரியும்.

எஸ்ஆர்ஜிபிக்குள்ள அடங்காத கலரும் உண்டு, நல்ல அடர்த்தியான மயில் நீலம், சில கிளிப்பச்சை, கண்ண பறிக்கற ராணி பிங்க், இதெல்லாம் சாதாரண ஸ்க்ரீனால காட்டவே முடியாது. அதுக்கு மேல வாங்கறவங்க போன் எந்த மோடுல இருக்கோ யாரு கண்டா. அதனால அண்ணி இப்ப படத்து கூட ஒரு வரி எழுதறாங்க, "நேர்ல இத விட கொஞ்சம் அடர்த்தி, நல்லா பழுத்த நாவல்பழம் மாதிரி", "பலாச்சுளை மஞ்சள், எலுமிச்சை இல்ல". எம்.எஸ். சுப்புலட்சுமி கட்டின அந்த எம்.எஸ். ப்ளூன்னு ஒரு வார்த்தை போட்டா நம்ம ஊர் பொம்பளைங்களுக்கு எந்த கலர் செக்கரும் தேவையில்ல, அந்த நீலம் மனசுல இருக்கு.

படத்த குரூப்ல போடறதுக்கு முன்னாடி அதே ஜன்னல் பக்கத்துல லேப்டாப்ப வெச்சு, சேலைய பக்கத்துல தொங்கவிட்டு, அண்ணிய கூப்பிடறேன். ரெண்டையும் மாத்தி மாத்தி பாப்பாங்க. போன வாரம் ஒரு அரக்கு, நான் அட்டை, ப்ரொஃபைல், ஹிஸ்டோகிராம் எல்லாம் பாத்து முடிச்சு பெருமையா காட்டினேன். "இன்னும் ஒரு துளி சிவப்பு வேணும் தம்பி"ன்னாங்க. பாத்தா ஆமா, பின்னாடி சமையக்கட்டு ட்யூப் லைட் எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு.